நூத்தி எண்பது மீட்டர்

எங்கள் அப்பா ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை சாகிறார். காலையில் பேப்பர் படித்து முடித்ததும் ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு தடவை, சாயங்காலம் நான் வேலையிலிருந்து திரும்புவதற்குள் இன்னும் ஒன்றோ இரண்டோ. எல்லாச் சாவும் கடலுக்கு அடியில். இத்தனைக்கும் மனிதருக்கு நீச்சல் தெரியாது. வேலைக்குப் போன காலம் முழுக்க ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் ஆபரேட்டராக பிரஷர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர். ரிட்டயர் ஆன பிறகு இப்போது கம்ப்யூட்டரில் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சப்மரீன் கேம். தம்பி போட்டுக் கொடுத்தது. அப்பா சும்மா இருந்தால் வீட்டில் எல்லாக் குழாயையும் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பார் என்று பயந்து போட்டான். நீங்கள் ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டன். எதிரியின் சரக்குக் கப்பல் ஒன்றை அடித்துவிட்டுத் தப்பிக்க வேண்டும். அடிப்பது சுலபம், அதற்கப்புறம்தான் கச்சேரி. போர்க்கப்பல்கள் தலைக்கு மேலே வந்து நின்று தண்ணீருக்குள் ஒரு சத்தத்தை அனுப்பித் தேடும். டிங்... டிங்... என்று கிணற்றுக்குள் மணி அடிப்பது மாதிரி. கீழே நீங்கள் இஞ்சினை நிறுத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் கிடக்க வேண்டும். சத்தம் போட்டால் பீப்பாய் பீப்பாயாக வெடிகுண்டைத் தள்ளுவார்கள். அதற்குப் பயந்து ரொம்ப ஆழத்துக்குப் போனால் தண்ணீரே அமுக்கிக் கொன்றுவிடும்.

அப்பா அடிப்பதில் சுமார், ஒளிவதில் கில்லாடி. நூற்றிருபது மீட்டருக்குக் கீழே இறங்கவே மாட்டார். "பாய்லரா இருந்தாலும் படகா இருந்தாலும் அதோட முள்ளைச் சிவப்புக்கு விடக்கூடாது" என்பார். மேலே கப்பல் வந்ததும் அவர் ஒரு கட்டளை போடுவார்: "மூச்!"

அவ்வளவுதான், வீடே அடங்கிவிட வேண்டும். ஃபேனை நிறுத்துவோம். டி.வி.யை அணைப்போம். நம் வீட்டுச் சத்தம் கேமுக்குள் கேட்காது என்று தம்பி தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லிப் பார்த்தான். யார் கேட்டது? அப்பாவின் முகத்தைப் பார்த்தால் நமக்கே மேலே கப்பல் நிற்கிற மாதிரி இருக்கும். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, நுனிக்காலில் நடந்து, கையாலேயே எங்கள் எல்லாரையும் திட்டுவாள். கப்பல் போனதும் வாயால் ஒரு தடவை திட்டுவாள். "இந்த வீட்டுல வாக்கப்பட்டதுக்கு நான் மீனாப் பொறந்திருக்கலாம்."

அந்தப் படகின் ஆட்கள் ஏதோ வெளிநாட்டு மொழியில் கத்துவார்கள். அப்பாவுக்கு ஒரு மண்ணும் புரியாது. தம்பி அந்தக் குரல்களை எடுத்துவிட்டு எங்கள் குரல்களைப் போட்டான். கேப்டன் அப்பா. சத்தம் கேட்டுச் சொல்கிறவன் தம்பி. ஆழம் சொல்கிறவள் நான். "நூறு மீட்டர்", "நூத்திப் பத்து மீட்டர்" என்று இருநூறு வரைக்கும் ஒப்பித்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை, ஒன்று வாய்விட்டு, ஒன்று கிசுகிசுவென்று. கிசுகிசுக் குரல், மேலே கப்பல் நிற்கும்போது மட்டும் வரும். அதை எடுப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு மூன்று பேரும் மைக்கைச் சுற்றி உட்கார்ந்தோம். அம்மாவையும் கூப்பிட்டோம். "என் குரல் என்ன ஏலத்துக்கா வந்திருக்கு? வேற வேலை இல்லையா எனக்கு?" என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவள் அப்படித்தான். போனில் குரல் பதிந்து அனுப்பச் சொன்னால் அனுப்ப மாட்டாள். மிஸ்டு கால் கொடுப்பாள், நாம்தான் கூப்பிட வேண்டும். ஒரு தையல் யூனிட்டில் சட்டைக் காலர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. போன வருஷம் ஒரு நாள் மத்தியானம், பார்த்துக்கொண்டிருந்த சட்டை மேலேயே தலையைச் சாய்த்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைத்துப் பக்கத்து மேஜைக்காரி தட்டியிருக்கிறாள். அவ்வளவுதான். காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு நானும் தம்பியும் எல்லார் போனையும் குடைந்தோம். போட்டோ இருக்கிறது. ஒரு கல்யாண வீடியோவில் கேமராவைப் பார்த்து 'போ போ' என்று கையை ஆட்டுகிறாள், பின்னால் மேளச் சத்தம். குரல் மட்டும் எங்கேயுமே இல்லை. ஒரு மனுஷி இத்தனை வருஷம் பேசின பேச்சு எங்கேதான் போகும்? அதை நினைத்து நினைத்து அழுதேன்.

அதற்கப்புறம் அப்பா கதவைச் சாத்திக்கொண்டு விளையாட ஆரம்பித்தார். விளையாடட்டும், பொழுது போகட்டும் என்று விட்டேன். கில்லாடி மனிதர் தினமும் மூழ்குகிறாரே, ஏன் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. ஹெட்செட்டை மாட்டிக்கொள்வதால் வெளியே சத்தமும் வராது.

போன மாதம் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். டாக்டர் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். துடிப்பு நடுநடுவே நின்று நின்று போகிறதாம். பேஸ்மேக்கர் வைத்தால் தாராளமாக நடமாடலாம், வைக்காவிட்டால் எந்தத் தூக்கத்திலும் நின்றுவிடலாம். திங்கட்கிழமை வரச் சொன்னார். எல்லாம் பேசி முடித்து வீட்டுக்கு வந்தால், எங்கள் கேப்டன் வேண்டாம் என்கிறார்.

"பயமா?"

"பயமென்ன பயம். வேண்டாம்னா விடேன்."

கரடியாகக் கத்தினேன். அழுதேன். பக்கத்து வீட்டு வாத்தியாரை வைத்துச் சொல்லச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கடைசியில் ஒரு சாயங்காலம், சோற்றைப் பிசைந்துகொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

"உங்கம்மா கூப்பிட்டுட்டே இருக்கா. போறவனைப் பிடிச்சு வச்சு என்ன பண்ணப் போற?"

நான் ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எடுக்கிறவள். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை, சத்தம் புகாத சுவர். உள்ளே ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கையில் பட்டனைக் கொடுப்பேன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். சில பேர் நான் சத்தமே அனுப்பாதபோது அமுக்குவார்கள். பொய் சொல்வதில்லை, நிஜமாகவே கேட்டது என்பார்கள். கேட்க வேண்டும் என்ற ஆசையில் காதே ஒரு சத்தத்தைச் செய்துகொள்ளும். அப்பாவுக்கும் அதுதான் என்று நினைத்தேன். நினைத்ததும் ஒரு நிம்மதி. பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

"எங்க கூப்பிடுறாங்க? எனக்கும் காட்டுங்க" என்றேன்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் தன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். ஹெட்செட்டை என் காதில் மாட்டினார். என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். திரையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே இருந்து நான் ஆட்களைப் பார்க்கிற மாதிரி.

ஒரு சரக்குக் கப்பலை அடித்தார். போர்க்கப்பல்கள் மூன்று எங்கள் மேல் பாய்ந்து வந்தன. தப்பிக்க நினைக்கிறவர் திசையை மாற்றி வளைந்து ஓடுவார். இவர் நின்ற இடத்திலேயே கீழே இறக்கினார். இஞ்சினை நிறுத்தினார். வேணுமென்றே அவற்றைத் தலைக்கு மேல் வரவழைக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டிங்... டிங்... என் காதுக்குள் என் குரல் கிசுகிசுத்தது: "நூத்தி முப்பது மீட்டர்." இரும்பு முனகியது. "நூத்தி ஐம்பது மீட்டர்." எங்கேயோ ஒரு ஆணி தெறித்தது.

"அப்பா, சிவப்புல இருக்கு."

"தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன. பேசாம கேளு."

டிங். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டிங். அந்த நடுவில் வருகிற நிசப்தம் இருக்கிறதே, டாக்டர் எனக்குக் காட்டின நெஞ்சுத் துடிப்புக் காகிதத்தில் கோடு தட்டையாகப் போகிற இடம் மாதிரி இருந்தது.

"நூத்தி எண்பது மீட்டர்" என்றேன் நான், படகுக்குள்ளிருந்து.

அப்புறம், தூரத்தில், இருட்டில், தண்ணீருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா சொன்னாள்: "என்னங்க... ஒரு நிமிஷம் வாங்களேன்..."

படகு நொறுங்கியது. திரை கறுத்தது. நான் ஹெட்செட்டைப் பிடுங்கி மேஜையில் எறிந்தேன். அவள் குரல்தான். 'வாங்களேன்' என்பதில் அந்த 'ளேன்' கொஞ்சம் இழுபடும், அதெல்லாம் அப்படியே இருந்தது. பயந்தேனா, சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

"கேட்டுச்சா?" என்றார் அப்பா.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "கேட்டுச்சு."

அவர் முகம் மலர்ந்தது. எத்தனை நாளாயிற்று அப்படிப் பார்த்து! "நீ என்னைப் பைத்தியம்னுதானே நினைச்சே? அவ போனப்புறம் ஒரு நாள் மனசே இல்லாம விளையாடிட்டு இருந்தேன். போனா போகட்டும்னு கையை எடுத்துட்டேன். படகு பாட்டுக்கு இறங்குச்சு. அவ்வளவு கீழே நான் போனதே இல்லையா, அங்க இருந்திருக்கா. தினமும் போறேன். என்ன விஷயம்னு சொல்றதுக்குள்ள படகு உடைஞ்சிடுது. நிஜமாப் போனாத்தான் தெரியும் போல."

அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் பயந்த மாதிரி அம்மாவின் குரலுக்குக்கூடப் பயப்படவில்லை.

மறுநாள் தம்பிக்கு போன் பண்ணினேன். அவன் வேறு ஊரில் வீடியோ எடிட்டிங் செய்கிறான். நடந்ததைச் சொன்னேன்.

"கிசுகிசுன்னு பேசினோமில்ல, அதுக்கு மைக்கோட வால்யூமை ரொம்ப ஏத்தி வச்சிருந்தேன் அக்கா. பக்கத்து ரூம்ல பேசினதும் விழுந்திருக்கும். நான் துண்டு துண்டா வெட்டினப்போ கவனிக்கல." அப்புறம் குரல் இறங்கியது. "அந்த ஃபைலை மாத்திடவா? சுத்தமா எடுத்துடலாம்."

"எடுத்தா கையை ஒடிச்சுடுவேன். வெட்டாத முழு ரெக்கார்டிங் எங்கடா?"

"பழைய ஹார்ட் டிஸ்க்ல இருக்கணும். தேடுறேன்."

தேடி எடுத்து வெள்ளிக்கிழமை அனுப்பினான். தான் கேட்கவில்லை என்றான், தைரியமில்லையாம். எனக்கு மட்டும் கொட்டிக் கிடக்கிறதா? மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போன பிறகு, என் டெஸ்ட் அறைக்குள் நானே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன்.

"நூத்தி எண்பது மீட்டர்." போர்வைச் சரசரப்பு. தூரத்தில் அம்மா: "என்னங்க... ஒரு நிமிஷம் வாங்களேன்... இந்தக் காபித்தூள் பாட்டில் மூடி திறக்க மாட்டேங்குது."

உடனே மைக்குக்குப் பக்கத்தில் அப்பா: "மூச்!"

தம்பியும் நானும் சிரிப்பை அடக்குகிற சத்தம். அம்மா, "ஆமா, பெரிய்ய கப்பல். நானே பாத்துக்கறேன் போங்க." அப்புறம் பாட்டிலைச் சுவர் விளிம்பில் தட்டுகிற சத்தம். டக். டக். டக். "நூத்தித் தொண்ணூறு மீட்டர்" என்கிறேன் நான்.

சத்தம் புகாத அறை அழுவதற்கு நல்ல இடம், அது ஒன்றுதான் அதில் சௌகரியம். வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை முழுக்க வாயைத் திறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும்? அவரிடம் மிச்சமிருக்கிற அம்மாவையும் நான் பிடுங்கிக்கொள்கிற மாதிரி. அதற்கும் மேலே, கூப்பிட்டவளை அவரே அதட்டி அனுப்பினார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை போய்விடும், அப்புறம் ஒரு நாள் அவரும் போய்விடுவார். மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் போனை அவர் காதருகே பிடித்தேன்.

கேட்டார். மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது தடவை அவரே போட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"ஒரு மூடியா?" என்றார்.

"ஆமாம்பா. அவங்க உங்களை அங்க கூப்பிடல. சமையலறைக்குத்தான் கூப்பிட்டாங்க."

"நான் போகலையே."

"அன்னைக்கு எல்லாருமே விளையாட்டா..."

"பத்தடி தூரம். எந்திரிச்சுப் போகலையே நான்." குரல் உயர்ந்தது. "உன்னை யாரு இதையெல்லாம் தோண்டச் சொன்னது? கூப்பிடுறான்னு நினைச்சுட்டு நான்பாட்டுக்கு நிம்மதியா இருந்தேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் வரல, எங்கயும் வரல. போய் உன் வேலையைப் பாரு."

எழுந்து அறைக்குள் போனார். கதவை அறைந்து சாத்தினார். அது பூட்டாமல் விலகி, பாதி திறந்தபடி நின்றது. நாற்காலி கிறீச்சிட்டது. எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாதா?

கெடுத்தேனே என்று நின்றேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. என்ன செய்வதென்று தெரியாதவர்கள் செய்கிற காரியத்தைத்தான் நானும் செய்தேன்: காபி போடப் போனேன். அடுப்பில் தண்ணீரை வைத்தேன். காபித்தூள் பாட்டிலை எடுத்தேன். மூடி அசையவில்லை. அதே பாட்டில்தான், அந்தச் சனியன் பிடித்த மூடி எப்போதுமே அப்படித்தான், மரை தேய்ந்து போயிற்று. துணியைச் சுற்றித் திருகினேன். சுடுதண்ணீரில் காட்டினேன். விரல் சிவந்தது. மூடி மேல் வந்த கோபமா, அப்பா மேல் வந்த கோபமா, ஒரு வார்த்தை பேசிவைக்காமல் போன அம்மா மேல் வந்த கோபமா, எல்லாம் சேர்ந்து வாயில் வந்துவிட்டது.

"அப்பா! ஒரு நிமிஷம் வாங்களேன்! இந்த மூடி திறக்க மாட்டேங்குது!"

சொன்ன பிறகுதான் யாருடைய வார்த்தை அது என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேணுமென்று சொன்னேன் என்று நினைத்தால்? நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்தால்? அந்த அறையில் கப்பல் நிற்கும்போது இந்த வீட்டில் ஒருத்தரும் சத்தம் போட்டதில்லை. 'மூச்' என்று ஒரு அதட்டல் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. ஒரு சத்தமும் வரவில்லை. அந்த நிசப்தம் நீள நீள, நின்று போகிற துடிப்பைப் பற்றி டாக்டர் சொன்னது ஞாபகத்துக்கு வந்து, பாட்டிலோடு அறையைப் பார்க்க ஓடத் திரும்பினேன்.

நாற்காலி தடாலென்று பின்னால் விழுந்தது. ஏதோ ஒயர் அறுபடுகிற மாதிரி இழுபட்டது. அப்பா கதவில் இடித்துக்கொண்டு ஓடி வந்தார். கழுத்தில் ஹெட்செட், அதன் ஒயர் தரையில் இழுபட்டுக்கொண்டு வருகிறது. மூச்சு வாங்கியது.

"கொடு" என்றார்.

திருகினார். முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திருகினார். நான் உதவிக்குக் கை நீட்டினேன், தள்ளிவிட்டார். அப்புறம் மூடியைச் சுவர் விளிம்பில் தட்டினார். டக். டக். டக்.

அம்மா போன பிறகு முதல் தடவையாக அறைக்குள்ளிருந்து சத்தம் வெளியே வந்தது. ஹெட்செட் ஒயர் பிடுங்கிக்கொண்டதில் ஸ்பீக்கர் திறந்துவிட்டது. குண்டுகள் வெடித்தன. "தண்ணி உள்ள வருது கேப்டன்!" என்று தம்பி அந்த நாளைய குரலில் கிசுகிசுத்தான். பார்த்துக்கொள்ள ஆளில்லாத படகு தன்பாட்டுக்கு இறங்கியது. "நூத்தி அறுபது மீட்டர்" என்று என் குரல் வீட்டுக்குள் சொன்னது. நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன், என் குரல் அங்கே பேசுகிறது. "நூத்தி எழுபது மீட்டர்."

மூடி கழன்றது. தூள் கொஞ்சம் தரையில் சிந்தியது. அப்பா பாட்டிலை ஒரு கையிலும் மூடியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, அறையைப் பார்த்துத் திரும்பி நின்றார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று தெரியவில்லை, பிடித்துக்கொண்டேன்.

"நூத்தி எண்பது மீட்டர்."

"என்னங்க... ஒரு நிமிஷம் வாங்களேன்..."

வீட்டுக்குள் அம்மாவின் குரல். அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, பக்கத்து வீட்டில் யாரோ துணி அடிக்கிறார்கள், பட்டப்பகலில் அம்மா கூப்பிடுகிறாள்.

"வந்துட்டேன்டி" என்றார் அப்பா. பாட்டிலை உயர்த்திக் காட்டினார். "இந்தா, தொறந்தாச்சு."

படகு நொறுங்கிற்று. அதற்கப்புறம் அறையில் சத்தமில்லை. அவர் அதே இடத்தில் நின்றார், பதில் வரும் என்பது மாதிரி. வரவில்லை. கண்ணில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டு பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு வெறும் வயித்தோடதானே வரச் சொன்னாங்க?"

"ஆமாம்பா. தண்ணிகூடக் குடிக்கக் கூடாதாம்."

"அப்ப இன்னைக்கே காபியை நல்லா ஸ்ட்ராங்காப் போடு" என்று சொல்லிவிட்டு, தரையில் சிந்தின தூளைத் துடைக்கத் துணி தேடினார்.